சாட்ஜிபிடி மாதிரி ஏஐ வந்ததுல ஆராய்ச்சிக்கும் காலேஜ் படிப்புக்கும் நல்லதா கெட்டதா?

நான் பயோகெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல பாடம் எடுக்கறேன், சில பிஎச்.டி ஸ்காலர்ஸுக்கு கைடாவும் இருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் தினமும் பாக்கற ஆள். கேள்வி கேட்டவர் "நல்லதா கெட்டதா, பேசாம காலேஜ்ல தடை பண்ணிடலாமா"னு கேட்டிருக்கார். எனக்குப் பட்டதைச் சொல்றேன். எழுதற வேலையும் கணிக்கற வேலையும் ரொம்ப மலிவாயிடுச்சு, ஆனா வந்தது சரிதானானு பாக்கற வேலை கொஞ்சம்கூட மலிவாகல. சரிபாக்க ஆளும் நேரமும் வழியும் எங்க இருக்கோ அங்க ஏஐ பிரமாதமா உதவுது, அது இல்லாத இடத்துல ஆராய்ச்சியும் கெடுது, பசங்க படிப்பும் கெடுது.

என் சப்ஜெக்ட்லேர்ந்தே உதாரணம் சொல்றேன். புரோட்டீன்ங்கறது அமினோ ஆசிட் வரிசையா கோத்த சங்கிலி, அது எப்படி மடங்கி நிக்குதோ அதை வச்சுதான் அதோட வேலை. அந்த மடிப்பைக் கண்டுபிடிக்கணும்னா பெரும்பாலும் புரோட்டீனைக் கிரிஸ்டலா வளர்த்து எக்ஸ்ரே விட்டுப் பாக்கணும், கிரிஸ்டல் வளரவே சில சமயம் வருஷக்கணக்குல ஆகும், ஒரே ஒரு புரோட்டீனோட மல்லுக்கட்டி பிஎச்.டி காலம் முழுக்க ஓடிப்போனவங்க எங்க ஃபீல்டுல ஏராளம். 2020-ல கூகுளோட ஏஐ கம்பெனி டீப்மைண்டோட ஆல்ஃபாஃபோல்டு 2ங்கற ஏஐ வந்துச்சு, வரிசையைக் கொடுத்தா மடிப்பைக் கணிச்சுக் கொடுத்துச்சு, நிறைய புரோட்டீனுக்கு லேப்ல அளந்ததுக்குக் கிட்டத்தட்ட சமமா. 2022 ஜூலையில 20 கோடிக்கும் மேல ஸ்ட்ரக்சரை, அதாவது கணிச்ச மடிப்பை, இலவசமா எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. 2024 கெமிஸ்ட்ரி நோபல்ல பாதி புது புரோட்டீனைக் கம்ப்யூட்டர்ல வடிவமைச்ச டேவிட் பேக்கருக்கு, மீதிப் பாதி டீப்மைண்டோட டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ரெண்டு பேருக்கும். எங்களை மாதிரி கிரிஸ்டல் எடுக்கற வசதியே இல்லாத காலேஜ்ல உக்காந்து ஒரு எம்.எஸ்சி ஸ்டூடண்ட் இன்னிக்கு அந்த ஸ்ட்ரக்சரைத் திறந்து, புரோட்டீன் வேலை செய்யற இடமான ஆக்டிவ் சைட்டைப் பாக்க முடியுதுன்னா அது சாதாரண விஷயம் இல்ல.

ஆனா இது ஏன் இவ்வளவு நல்லா வேலை செஞ்சுதுனு யாரும் அதிகம் பேசறதில்ல, அதான் முக்கியம். புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-ல வெறும் 7 ஸ்ட்ரக்சரோட ஆரம்பிச்சது, உலகம் முழுக்க லேப்ல உக்காந்தவங்க 50 வருஷமா ஒவ்வொண்ணா அளந்து அதுல போட்டு வச்சாங்க, அதைத்தான் ஆல்ஃபாஃபோல்டு படிச்சுக் கத்துக்கிட்டது. ரெண்டாவது, காஸ்ப்னு ஒரு போட்டி 1994-லேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்குது. லேப்ல கண்டுபிடிச்சு இன்னும் வெளியிடாத ஸ்ட்ரக்சரை மறைச்சு வச்சுக்கிட்டு வரிசையை மட்டும் கொடுப்பாங்க, எல்லாரும் கணிச்சு அனுப்பணும், அப்புறம் ஒரிஜினலோட ஒப்பிட்டு மார்க் போடுவாங்க. பதிலை முன்னாடியே பாத்துட்டு கதை விட அங்க வழியே கிடையாது. இன்னொண்ணும் சொல்லணும். 1963-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூணு பேரும் ஒரு கணக்கு போட்டாங்க, புரோட்டீன் சங்கிலி எந்தெந்த கோணத்துல திரும்பினா அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு முட்டாம இருக்கும்னு. அதான் ராமச்சந்திரன் பிளாட். இன்னிக்கும் புது ஸ்ட்ரக்சரை டேட்டா பேங்க்ல போட்டா அதோட சோதனை ரிப்போர்ட்ல அந்தக் கோணங்கள் சரியா இருக்கானு வருது. ஏஐ கணிச்ச ஸ்ட்ரக்சரை எங்க கிளாஸ்ல எடுத்தாலும் முதல்ல அந்த பிளாட்ல போட்டுப் பாக்கச் சொல்வேன், 60 வருஷத்துக்கு முன்னாடி நம்ம சென்னையில போட்ட கணக்கு இதுக்கு உதவுதுனு பசங்ககிட்ட சொல்றப்ப எனக்கு அவ்வளவு பெருமையா இருக்கும். ஆல்ஃபாஃபோல்டுமே ஒவ்வொரு இடத்துக்கும் 0-லேர்ந்து 100 வரைக்கும் நம்பிக்கை மார்க் போட்டுத்தான் பதிலைத் தருது, 50-க்குக் கீழ போச்சுன்னா அந்தப் பகுதி ஆரஞ்சு கலர்ல தெரியும், அதை நம்பி முடிவு எடுக்காதேனு அர்த்தம்.

இப்ப சாட்பாட் பக்கம் வாங்க. அது அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம்னு பாத்துப் பாத்து எழுதற மாடல், தெரிஞ்சதையும் தெரியாததையும் ஒரே தோரணையில சொல்லும், ஆரஞ்சு கலர் எல்லாம் காட்டாது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-ல வந்துச்சு. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி மெட்டா கம்பெனி கேலக்டிகானு விஞ்ஞானத்துக்குனே ஒரு மாடலை விட்டாங்க, கோடிக்கணக்கான பேப்பரும் ரெஃபரன்ஸ் மெட்டீரியலும் படிச்ச மாடல், ஆனா இல்லாத ஆராய்ச்சியை எல்லாம் சயின்ஸ் கட்டுரை மாதிரியே எழுதித் தள்ளுச்சு, மூணே நாள்ல டெமோவை எடுத்துட்டாங்க. அந்தப் பிரச்சினை இன்னும் முழுசா தீரல. ஸ்காலர்ஸ் முந்தின ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கொண்டு வர்ற லிட்ரேச்சர் ரெவ்யூல நானே பாத்திருக்கேன், ஜர்னல் பேர் நிஜம், ஆத்தர் நிஜமான ஆள், வருஷம் பக்க நம்பர் எல்லாம் இருக்கும், அப்படி ஒரு பேப்பர் மட்டும் உலகத்துல இருக்காது. வேணும்னே ஏமாத்தினாங்கனு நான் சொல்ல மாட்டேன், திறந்து படிக்காம ஒட்டிட்டாங்க, அவ்வளவுதான், ஆனா அது தீசிஸ்ல போய் அதை இன்னொருத்தர் எடுத்து எழுதினா எங்க போய் நிக்கும்?

ஜர்னல் பக்கம் நிலைமை இன்னும் கவலையா இருக்கு. 2024 பிப்ரவரியில ஃபிரான்டியர்ஸ் குரூப்போட ஒரு செல் பயாலஜி ஜர்னல்ல ஒரு எலி படம் வந்துச்சு, மிட்ஜர்னிங்கற படம் போடற ஏஐயில போட்டது, எலியோட பிறப்புறுப்பு உடம்பை விடப் பெரிசு, பக்கத்துல எழுதின லேபிள் எந்த மொழியிலயும் இல்லாத சொல். வெளிவந்த மூணு நாள்ல வாபஸ். வெளியிடறதுக்கு முன்னாடி சரிபாத்த ரெவ்யூவர்ல ஒருத்தர் படத்தைப் பத்திக் கேட்டிருக்கார், ஆத்தர்ஸ் பதில் தரல, அப்படியும் அது அச்சேறிடுச்சுனு ஜர்னலே சொல்லுச்சு. அந்த மாதிரி படம் கண்ணுல பட்டுடும், படாதது தான் பயம். அமெரிக்காவுல என்ஹேன்ஸ்னு மக்கள் உடல்நல சர்வே ஒண்ணு இருக்கு, டேட்டா எல்லாருக்கும் இலவசம். அதுலேர்ந்து ஏதோ ஒரு காரணி, ஏதோ ஒரு நோய், ரெண்டையும் முடிச்சுப் போட்டு ஒரே அச்சுல வார்த்த பேப்பர் 2014-லேர்ந்து 2021 வரைக்கும் வருஷத்துக்கு சராசரி 4 வந்துட்டிருந்தது, 2024-ல அக்டோபர் ஆரம்பம் வரைக்கும் மட்டும் 190-னு 2025-ல பிளாஸ் பயாலஜி ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஏஐ ஒண்ணே காரணம்னு சொல்ல முடியாது, காசு வாங்கிட்டு போலி பேப்பர் தயாரிச்சுத் தர்ற பேப்பர் மில்லும் இருக்கு, ஆனா ஏஐ அந்த மில்லுக்கு வேலையை ரொம்ப ஈசியாக்குதுங்கறது நிச்சயம். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் தர்ற அமெரிக்க அரசோட என்ஐஹெச், ஏஐ வச்சு கிராண்ட் அப்ளிகேஷனைக் குவிக்கறாங்கனு ஒரு விஞ்ஞானி வருஷத்துக்கு 6 தான் போடலாம்னு 2025 செப்டம்பர்லேர்ந்து வரம்பு வச்சுட்டாங்க.

சரி, இதை எல்லாம் சரிபாக்க வேண்டியது பியர் ரெவ்யூ, அதாவது அதே துறை ஆட்கள் பேப்பரைப் படிச்சு மதிப்பிடறது, அதுக்குள்ளயும் ஏஐ புகுந்தாச்சு. ஸ்டான்ஃபோர்டு குழு ஒண்ணு பெரிய ஏஐ கான்ஃபரன்ஸ்கள்ல வந்த ரெவ்யூவை எடுத்துப் பாத்து, அதுல 6.5-லேர்ந்து 16.9 சதவீதம் வரைக்கும் எழுத்து ஏஐயால கணிசமா மாத்தப்பட்டதா இருக்கலாம்னு மதிப்பிட்டாங்க. 2025 ஜூலையில ஜப்பானோட நிக்கேய் பத்திரிகை 8 நாட்டுல 14 கல்வி நிறுவனங்கள்லேர்ந்து வந்த 17 பிரிபிரிண்ட்ல (ரெவ்யூக்கு முன்னாடியே இணையத்துல போடற பேப்பர்) வெள்ளை எழுத்துலயும் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்துலயும் "நல்ல ரெவ்யூ மட்டும் கொடு"ங்கிற மாதிரி ஏஐக்குக் கட்டளை ஒளிச்சு வச்சிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. எழுதினதும் மெஷின், படிச்சு மார்க் போட்டதும் மெஷின்னா நடுவுல எந்த மனுஷனுக்கு என்ன புரிஞ்சுது? இதை நினைச்சா எனக்குக் கோபமே வருது, ஏன்னா இந்த பேப்பரை நம்பி ஒரு டாக்டர் மருந்து எழுதலாம், ஒரு ஸ்காலர் நாலு வருஷத்தை அதுல போடலாம்.

இனி கிளாஸ்ரூம். எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஃபர்ஸ்ட் கிராஜுவேட், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அவங்களுக்கு ஏஐ செய்யற உதவியை நான் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். கிளாஸ்ல கை தூக்கி இங்கிலீஷ்ல கேக்கக் கூச்சப்படற பொண்ணு ராத்திரி ஹாஸ்டல்ல உக்காந்து என்சைம் வேகத்தைக் கணக்கிடற மைக்கேலிஸ் மென்டன் ஈக்வேஷனைத் தமிழ்ல கேட்டு, புரியலனா மறுபடி கேட்டு, திட்டு வாங்காம பத்து தடவை கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு வர்றா. முன்னாடி இது டியூஷனுக்குக் காசு இருக்கறவங்களுக்கு மட்டும்தான் கிடைச்சது. ஹார்வர்டுல ஃபிசிக்ஸ் பாடத்துல 194 பேரை வச்சுப் பாத்திருக்காங்க, பதிலை அப்படியே கொட்டாம படிப்படியா கொண்டு போற மாதிரி கவனமா அமைச்ச ஏஐ டியூட்டர், அதோட படிச்சவங்களோட முன்னேற்றம் நல்லா நடத்தின கிளாஸ்ல உக்காந்தவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல. அதே சமயம் துருக்கியில ஹைஸ்கூல் மேத்ஸ்ல ஆயிரம் பேர் கிட்ட வச்சு ஒரு சோதனை நடந்துச்சு, சாதா சாட்பாட் கையில இருக்கறப்ப பயிற்சிக் கணக்குல 48 சதவீதம் கூடுதலா செஞ்சாங்க, அதைப் பிடுங்கிட்டு எக்ஸாம் வச்சா, ஏஐயே பாக்காதவங்களை விட 17 சதவீதம் கம்மி. பதிலைச் சொல்லாம குறிப்பு மட்டும் கொடுக்கற மாதிரி மாத்தின டியூட்டர் வச்சவங்களுக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்ல. எப்படி யூஸ் பண்றோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு, தடையும் தேவையில்ல, கண்டுக்காம விடவும் கூடாது.

ஏஐ டிடெக்டர் வச்சுப் பிடிக்கலாமேனு கேப்பீங்க. தயவுசெஞ்சு அதை நம்பி எந்தப் பிள்ளையையும் தண்டிக்காதீங்க. ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில ஒரு டிடெக்டர் விட்டு, துல்லியம் போதலனு ஜூலையில மூடிட்டாங்க, ஏஐ எழுதினதுல 26 சதவீதத்தைத்தான் அது பிடிச்சது, மனுஷன் எழுதினதுல 9 சதவீதத்தைத் தப்பா ஏஐனு சொல்லுச்சு. 2023-ல ஸ்டான்ஃபோர்டுல 7 டிடெக்டரை எடுத்து, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க டோஃபெல்ங்கற இங்கிலீஷ் தேர்வுக்கு எழுதின 91 கட்டுரையைக் கொடுத்தாங்க, சராசரியா 61 சதவீதத்தை ஏஐனு சொல்லிடுச்சு. காரணம் இதுதான், சொல்வளம் கம்மியா, பழகின வாக்கியத்துல எழுதினா அடுத்த சொல்லை ஊகிக்கறது சுலபம், அதையே டிடெக்டர் மெஷின்னு எடுத்துக்குது. அப்ப நம்ம தமிழ் மீடியம் பிள்ளைங்கதான் முதல்ல மாட்டுவாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணோட புராஜெக்ட் ரிப்போர்ட்டை அப்படி முத்திரை குத்தினாங்க, அழுதுட்டே வந்தா. அவளோட ஜெல் போட்டோவை, அதாவது மூலக்கூறுகளை அளவுவாரியா பிரிச்சுக் காட்டற சோதனைப் படத்தை, எடுத்து வச்சு எந்த லேன்ல என்ன லோட் பண்ணினே, இந்த பேண்ட் ஏன் இழுத்துக்கிட்டுப் போயிருக்குனு கேட்டேன், ஒண்ணு விடாம சொன்னா, முதல் தடவை சாம்பிள் கூடுதலா போட்டதுலேர்ந்து எல்லாம். அதைக் கேட்ட யாருக்கும் சந்தேகம் வராது. காப்பியடிக்கறதைப் பிடிக்க யுஜிசியோட 2018 விதி சொல்ற 10 சதவீத ஒற்றுமைக் கணக்கும் இப்ப உதவாது, ஏன்னா ஏஐ எழுதறது யாரோட வாக்கியத்தோடயும் அப்படியே ஒத்துப்போகாது, ரிப்போர்ட் சுத்தமா வரும்.

அதனால நான் வைவா, அதாவது நேர்ல வாய்மொழியா கேள்வி கேக்கற தேர்வு, பக்கம் போயிட்டேன். அசைன்மென்ட்டுக்கு மார்க் கம்மி, அதைப் பத்திப் பேசறதுக்கு மார்க் அதிகம். என்சைம் அளவைப் பாதியாக்கினா வி-மேக்ஸ் (வினையோட உச்ச வேகம்) என்னாகும், கே-எம் (அதுல பாதி வேகம் வர வேண்டிய மூலப்பொருள் அளவு) என்னாகும்? உன் கிராஃப்ல இந்த ரெண்டு பாயிண்ட் ஏன் லைன்ல உக்காரல? இதைத் தமிழ்ல சொன்னாலும் சரி. இன்னொண்ணு, தப்பு இருக்கற ஒரு ஏஐ பதிலைக் கொடுத்து எங்க தப்புனு கண்டுபிடிக்கச் சொல்வேன், உதாரணமா காம்பெடிடிவ் இன்ஹிபிட்டர் (மூலப்பொருளோட போட்டி போட்டு என்சைம்ல ஒட்டித் தடுக்கற பொருள்) வி-மேக்ஸைக் குறைக்கும்னு எழுதியிருக்கும், நிஜத்துல வி-மேக்ஸ் மாறாது, கே-எம் தான் கூடும், அதைப் பிடிக்கற பையனுக்குப் பாடம் புரிஞ்சிடுச்சுனு எனக்குத் தெரிஞ்சிடும். ஸ்காலர்ஸுக்கு விதி இன்னும் கறார். இங்கிலீஷைத் திருத்தலாம், கோடு எழுத வைக்கலாம் ஆனா விடை தெரிஞ்ச டேட்டாவுல முதல்ல ஓட்டிக் காட்டணும், ரெஃபரன்ஸ் ஒவ்வொண்ணையும் திறந்து படிச்சிருக்கணும், ஜெல் படத்தையும் மைக்ரோஸ்கோப் படத்தையும் ஏஐ தொடவே கூடாது, ரெவ்யூக்கு வந்த அடுத்தவங்க பேப்பரை எந்த சாட்பாட்லயும் ஏத்தக் கூடாது.

இதுல பெரிய முட்டுக்கட்டை டெக்னாலஜி இல்ல, நேரம். ஒரு கிளாஸ்ல அறுபது பேர், ஆளுக்கு அஞ்சு நிமிஷம் வைவான்னாலே அஞ்சு மணி நேரம், அதுக்கு டைம்டேபிள்ல இடமே கிடையாது, நான் மத்தியான இடைவேளையிலயும் சாயங்காலத்துலயும் தான் ஓட்டறேன். பிஎச்.டிக்கு முன்னாடி பேப்பர் கட்டாயம்ங்கறதை யுஜிசி 2022 விதியில எடுத்துட்டாங்க, ஆனாலும் பல இடங்கள்ல இன்னமும் பேப்பர் எண்ணிக்கைதான் பேசுது, புரொமோஷனுக்கும் அதான் பேசுது. எண்ணிக்கையைக் கேட்டா எண்ணிக்கைதான் வரும், அதை இப்ப மெஷின் ஒரு ராத்திரியில தரும். வைவாவையும் ரெவ்யூவையும் வேலை நேரமா கணக்குல எடுத்து, ஆள் போட்டு, ரெண்டு நல்ல பேப்பர் போதும்னு சொல்ற நிர்வாகம் வேணும். கேள்வி கேட்டவர் காலேஜ்ல இருக்கறவர்னா தடைக்குப் பதிலா இதை உங்க அகாடமிக் கவுன்சில்ல கேளுங்க. எங்க டிபார்ட்மென்ட்ல யூஸ் பண்ற வைவா கேள்வி மாதிரி வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, பகிர்றேன். மேத்ஸ், வரலாறு, காமர்ஸ் எடுக்கறவங்க இதை எப்படிச் சமாளிக்கறீங்கனு எழுதினா எனக்கும் உதவியா இருக்கும்.