டி ஆன்சா: இரண்டு வருடக் கல்லூரி என்று தயங்கும் பெற்றோருக்கு

மகனுக்கு நினைத்த யூசியில் (கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தில்) இடம் கிடைக்கவில்லை, இரண்டு வருட அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தால் படிப்பு பாதியில் நின்றுவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். கலிபோர்னியாவின் கூப்பர்டினோ, சன்னிவேல் பக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கலக்கம் உண்டு. இரண்டு வருடம் என்றதும் மனம் ஊர்ப் பாலிடெக்னிக்கைத்தான் நினைக்கிறது. இங்குள்ள கம்யூனிட்டி காலேஜான டி ஆன்சா உருவான விதமே வேறு.

1957இல், பின்னாளில் டி ஆன்சாவையும் தொடங்கிய ஃபுட்ஹில் கல்லூரி மாவட்டம் (இப்பகுதிக் கல்லூரிகளை நடத்தும் அமைப்பு) அமைந்தது, மறு ஆண்டு ஃபுட்ஹில் கல்லூரி தொடங்கியது. 1960இல் கலிபோர்னியா தன் உயர்கல்விப் பெருந்திட்டத்தை வகுத்தது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி, முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஸ்டேட் கல்லூரிகள் (இன்றைய கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி). கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும் திறந்திருக்கும், அங்கே நன்றாகப் படிப்பவர்கள் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். அந்த ஏற்பாட்டின் கீழ்தான் 1967இல், கூப்பர்டினோவில் பழைய திராட்சைத் தோட்ட எஸ்டேட் இருந்த இடத்தில், டி ஆன்சா திறந்தது. ஆகவே டிரான்ஸ்பர், அதாவது இப்படிப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது, யாரோ இரங்கித் தரும் சலுகையல்ல.

வழி இருக்கிறது. பிள்ளைகள் சறுக்குவது முதல் வருடத்தில் எத்தனை யூனிட் எடுப்பது என்ற கணக்கில்.

டிரான்ஸ்பருக்கு யூசி ஏற்கும் 90 குவார்ட்டர் யூனிட் (பாடங்களுக்கான கிரெடிட்) வேண்டும், அதாவது 60 செமஸ்டர் யூனிட். டி ஆன்சாவில் கோடை தவிர வருடத்துக்கு மூன்று குவார்ட்டர் (பருவம்). ஒரு குவார்ட்டரில் 12 யூனிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்பதால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வருடத்தின் ஆறு குவார்ட்டரில் அது 72தான் ஆகும். குவார்ட்டருக்கு 15 வேண்டும். டேக் எனப்படும் சேர்க்கை உத்தரவாதத்துக்கு விண்ணப்பிப்பது இரண்டாம் வருட செப்டம்பரில். அதற்குள் 45 யூனிட் முடிந்திருக்க வேண்டும். யூசி வளாகங்களில் டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறில் ஒன்றுக்கு மட்டுமே டேக் போடலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவுக்கு டேக் கிடையாது, வழக்கமான விண்ணப்பம்தான். சான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரியும் டேக்கை ஏற்பதில்லை.

பொறியியல் கனவு என்றால் கணிதப் பாடங்களைத்தான் முதலில் பாருங்கள். கால்குலஸ் மேத் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு குவார்ட்டர். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், லீனியர் ஆல்ஜீப்ராவையும் சேர்த்து, குவார்ட்டருக்கு ஒன்றாக எடுத்தால் ஆறு குவார்ட்டரும் நிரம்பிவிடும். முதல் குவார்ட்டரில் வகுப்பு நிரம்பி 1ஏ கிடைக்காமல் போனால், கடைசிப் பாடம் கோடைக்குத் தள்ளிப்போகும். தேவையான பாடங்கள் வசந்த பருவத்துக்குள் முடியாவிட்டால் சேர்க்கையே ஆட்டம் காணும். அதனால் தனக்குரிய பதிவுத் தேதியில், காலையிலேயே உட்கார்ந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். 1பி-யில் தடுமாறினால், கல்லூரி நாட்காட்டியில் உள்ள டபிள்யூ இல்லாமல் பாடத்தை விடுவதற்கான கெடுவுக்குள் கவுன்சிலரைப் பார்க்கட்டும். அந்தக் கெடு தாண்டிப் பாடத்தை விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ, அதாவது இடையில் விலகியதற்கான குறி, விழும்.

கட்டணம் கலிபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 31 டாலர். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) இருப்பவர்களும் ஓராண்டுக்கு மேல் இங்கு வசித்ததற்கான சான்றுகளைக் காட்டி இந்தக் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும். வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், ஓட்டுநர் உரிமம் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) மதிப்பெண்களும், எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் எடுத்த இரண்டு யூசிகளின் பாடப் பட்டியலும் மகன் கையில் இருக்கட்டும். ஒரே மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) டேவிஸ் கேட்கும் பாடத்தை இர்வைன் கேட்காமல் இருக்கலாம். இரண்டுக்கும் பொதுவானவற்றை முதல் வருடத்தில் வைத்துத் திட்டம் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.