மேட்டுப்பாத்தி மண்ணுக்கு என்ன போடலாம்? டெல்டா தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம்: அண்ணே, கொல்லையில மேட்டுப்பாத்தி போட்டிருக்கேன். வயல் களிமண்தான். காஞ்சா பாளம் பாளமா வெடிக்குது. ஆத்து மணல் கலந்தா சரியாகுமா?

மணல் வேண்டாம் தம்பி. களியில கொஞ்சமா மணல் சேர்த்தா இன்னும் இறுகும். குணம் மாறணும்னா பாதிக்கு மேல மணல் போகணும். அந்தக் காசுக்கு எருவே வாங்கிடலாம். நம்ம களியில சத்து இருக்கு, காத்துதான் புகமாட்டேங்குது. நல்லா மக்கின தொழுவுரத்தை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேல் அரையடி மண்ணோட கலந்துவிடுங்க. கையில பிடிச்சு அமுக்கினா உதிரணும், அந்தப் பதத்துலதான் கொத்தணும். சேறா இருக்கும்போது கொத்தினா அந்த வருஷம் முழுக்கக் கட்டிதான். ரைஸ்மில் உமிக்கரி கிடைச்சா பத்துல ஒரு பங்கு சேருங்க. வெள்ளையா எரிஞ்ச சாம்பல் வேற சரக்கு, அதை அள்ளிக் கொட்டிடாதீங்க.

திருவாரூர்: எரு, புண்ணாக்கு எல்லாம் புரட்டாசியிலேயே போட்டேன். ஐப்பசி மழைக்கு அப்புறம் கத்திரி வெளுத்து நிக்குது. இன்னும் உரம் போடவா?

இப்ப போடாதீங்கம்மா. முதல்ல பாத்திக்கு நடுவுல இருக்கிற வாய்க்கால்ல தண்ணி வடியுதான்னு பாருங்க. வேர் மூச்சு முட்டினாலும் இலை வெளுக்கும். அந்த நேரத்துல உரம் கொட்டிப் பிரயோஜனமில்லை. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மழைத்தண்ணியோட கீழே இறங்கிடும், தண்ணி கட்டி நின்னா காத்தாவும் போயிடும். அதனால மழைக்கு முன்னால மக்கின எரு மட்டும் போதும். வேப்பம் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் மழை ஓஞ்ச பிறகு, செடிக்கு ஒரு கைப்பிடி, ரெண்டு தவணையா. மேல வைக்கோல் மூடாக்கு கட்டாயம். ஆனா வைக்கோலை மண்ணுக்குள்ள புதைக்காதீங்க. அது மக்குறதுக்கு மண்ணுல இருக்கிற தழைச்சத்தையே இழுத்துக்கும், செடி பட்டினி கிடக்கும்.

மன்னார்குடி: பஞ்சகவ்யம் மட்டும் ஊத்தினா போதுமா?

10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி கலந்து தெளிங்க, செடி தெளிச்சியாகும். எருவுக்குப் பதில் ஆகாது.

வேதாரண்யம்: எங்க பக்கம் உப்பு. ஜிப்சம் போடச் சொல்றாங்களே ஐயா?

உப்பு மண்ணும் களர் மண்ணும் ஒண்ணில்லை. சோடியம் ஏறின களருக்குத்தான் ஜிப்சம் வேலை செய்யும். வெறும் உப்புன்னா நல்ல தண்ணியாலதான் கழுவணும். நாகப்பட்டினம் பக்கத்துல சிக்கல்ங்கிற ஊர்ல இருக்கிற வேளாண் அறிவியல் நிலையத்துல விசாரிச்சு மண்ணைச் சோதிச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. உப்புதான்னா ஐப்பசி, கார்த்திகையில பாத்தியைக் காலியா விட்டு மழையில கழுவ விடுங்க, தையில நடுங்க. கோடையில மூடாக்கு இல்லேன்னா தண்ணி ஆவியாகி உப்பு திரும்ப மேல வந்துடும். ஆட்டு எருவுலயும் உப்பு உண்டு, குறைச்சலா போடுங்க. பீட்ரூட் தாங்கும், பீன்ஸ் தாங்காது.

பட்டுக்கோட்டை: கயிறு ஆலையில நார்க்கழிவு சும்மாவே தர்றாங்க. நேரா கலக்கலாமா?

பச்சையா கலந்தா வைக்கோலைவிட மோசம். அதுல கரிச்சத்து (கார்பன்) தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல. வேளாண் பல்கலைக்கழக முறைப்படி சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்கா தூவி, ஈரம் காயாம ரெண்டு மாசம் மக்க வைங்க. கறுத்து, கனம் குறைஞ்சதும் எடுக்கலாம். உங்க செம்மண்ணுக்கு ஈரம் பிடிக்க இதைவிட மலிவான சரக்கு கிடைக்காது.

தஞ்சாவூர்: வாய்க்கால்ல மண்டுற ஆகாயத்தாமரையை மக்க வைக்கலாமா?

தாராளமா. நறுக்கி வெயில்ல நல்லா வதக்கின பிறகு சாணியோட குவிங்க, இல்லேன்னா துளிர்த்துக்கும். சாக்கடை கலக்கிற இடத்துல மட்டும் எடுக்காதீங்க.

நீடாமங்கலம்: சித்திரை, வைகாசியில பாத்தி சும்மா கிடக்கு. வருஷா வருஷம் உள்வாங்கிட்டும் போகுது.

எரு மக்கினா பாத்தி இறங்கத்தான் செய்யும், பயப்படாதீங்க. சம்பா அறுப்புக்கு முன்னால வயல்ல உளுந்து தெளிக்கிறோமே, நிலத்தைச் சும்மா போடாத அதே புத்திதான் இங்கயும். தண்ணி விட வசதியிருந்தா பசுந்தாள் உரச்செடியான சணப்போ தக்கைப்பூண்டோ நெருக்கமா விதைச்சு, பூக்கிற சமயம், சுமார் 45 நாள்ல, மடக்கி மண்ணுல அமுக்கிடுங்க. ரெண்டு, மூணு வாரம் கழிச்சு நாத்து நடலாம். குறையுற உயரத்துக்கு வெளி மண் வாங்காதீங்க. வாய்க்கால்ல படிஞ்ச வண்டலை அள்ளிப் பாத்தி மேல போட்டாலே போதும்.