இடுப்பு மூட்டு மாற்றிய இடத்தில் புது எலும்பு: வாசகர் கேள்விகள்

வயது 34. இடுப்பு மூட்டு மாற்றி ஆறு வாரம் ஆகிறது. எக்ஸ்ரேயில் மூட்டுக்கு மேலே வெள்ளையாகப் புகைபோல் ஏதோ தெரிகிறது. கால்சியம் மாத்திரை சாப்பிட்டதாலா?

கால்சியத்தின் மேல் பழி போடாதீர்கள். அறுவையில் காயப்பட்ட தசையில் இருக்கும் சில செல்கள் வழிமாறி எலும்பை உண்டாக்கிவிடுகின்றன. 'ஹெட்டரோடோபிக் ஆசிஃபிகேஷன்' என்பார்கள். 1973இல் வந்த புரூக்கர் முறைப்படி இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறோம். முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. நான்காவதில் மூட்டே அசையாமல் இறுகிவிடும். படத்தைப் பார்க்கும் முன் நான் கேட்பது, "குனிந்து கால் நகம் வெட்ட முடிகிறதா?" என்றுதான். முடிகிறது என்றால் பயப்பட வேண்டாம். சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம்.

தம்பிக்கு 29 வயது, ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் (முதுகெலும்பு மூட்டுகள் அழற்சியால் இறுகும் நோய்). அடுத்த மாதம் இடுப்பு மூட்டு மாற்று அறுவை. முன்பே தடுக்க முடியுமா?

முடியும். நீங்கள் இப்போதே கேட்டது நல்லதாயிற்று. இந்த நோய் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே ஒரு பக்கம் இப்படி வளர்ந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். பெண்களைவிட ஆண்களுக்குக் கூடுதல். இண்டோமெத்தசின் போன்ற, அழற்சியைக் குறைக்கும் மாத்திரையைச் சில வாரம் கொடுப்பது ஒரு வழி. இன்னொன்று, ஒரே தவணைக் கதிர்வீச்சு, வழக்கமாக 7 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதை அறுவைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளோ, முடிந்த 72 மணி நேரத்துக்குள்ளோ கொடுத்தாக வேண்டும்; தாமதித்தால் பலன் குறைந்துவிடும். அதனால் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை ஆகாமல் போகலாம். இனிமேல்தான் குழந்தை என்றால் கதிர்வீச்சுக்கு முன் அதையும் சொல்ல வேண்டும்.

எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் கரையுமா?

கரையாது. முரட்டுத்தனமாக இழுத்தால் தசை இன்னும் காயப்படும். வலி பொறுக்கும் அளவுக்குள் மெதுவான பயிற்சி போதும்.

அப்புறம் எப்போதுதான் எடுப்பார்கள்?

நடக்கவோ உட்காரவோ முடியாத அளவுக்கு மூட்டு இறுகினால் மட்டும். அந்த எலும்பு முற்றும்வரை, வழக்கமாக ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை பொறுப்பார்கள். எடுத்தபின் திரும்ப வளராமலிருக்க அதே மாத்திரையோ கதிர்வீச்சோ மறுபடி தேவைப்படும். நடுவில் காய்ச்சலோ, தையலில் கசிவோ, கால் திடீரென வீங்குவதோ இருந்தால் எலும்புதான் காரணம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கிருமித் தொற்றோ ரத்தக்கட்டோ இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.