பாதி விலைக்குத் தள்ளிவிடலாமா, அந்தத் தோட்டாக்களை?

கேள்வி: வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். நான் அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வசிப்பவன். இலக்குச் சுடுதல் என் பொழுதுபோக்கு. சென்ற மாதம் ஒரு சிறு நிறுவனத்திடம் .223 ரக மறுநிரப்புத் தோட்டாக்கள் (முன்பே சுட்ட பித்தளை உறையில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்தவை) ஆயிரம் வாங்கினேன்; விலை 400 டாலர். 180 சுட்டதில் மூன்று வெடிக்கவே இல்லை. ஒன்றின் பித்தளை உறை அடிப்பக்கம் கிழிந்து வந்தது. கடைசியாகச் சுட்டது 'பட்' என்று ஈனமாக ஒலித்தது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. திறந்த பெட்டியைத் திரும்பப் பெறுவதில்லை என்று நிறுவனத்தார் கைவிரித்துவிட்டார்கள். மிச்சம் 820 இருக்கின்றன. அலுவலக நண்பர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்கிறார். எச்-1பி விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் எதுவும் எடுத்ததில்லை. கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் நண்பரின் விசாவைப் பார்ப்போம், ஏனென்றால் அது ஒரே பத்தியில் முடிந்துவிடும். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்கிறது மத்தியச் சட்டம். எச்-1பி அந்த வகைதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. உங்கள் நண்பரிடம் அது இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தெரிந்தே அவருக்கு விற்றால் குற்றம் உங்கள் மீதும் விழும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுகள். 'பணம் வாங்கவில்லை, சும்மாதான் கொடுத்தேன்' என்பதும் எடுபடாது. சட்டம் விற்பதோடு கொடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. நம்மவர்கள் வாரயிறுதியில் கூட்டமாகச் சுடுதளத்துக்குப் போகும்போது இதை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

சரி, தடையேதும் இல்லாத வேறொருவருக்கு விற்கலாமா? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

அந்தத் தோட்டாக்களின் மறுவிற்பனை மதிப்பு என்ன என்பதுதான் நிறுவனத்துக்கு எதிரான உங்கள் வழக்கின் மையக் கேள்வி. லூயிசியானா தவிர எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்ட சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பின் பிரிவு 2-714, குறையுள்ள பொருளுக்கான இழப்பீட்டைக் கணக்கிட ஒரு கழித்தல் கணக்கைத் தருகிறது. சொன்னபடி இருந்திருந்தால் பொருளின் மதிப்பு எவ்வளவோ, அதிலிருந்து கையில் கிடைத்த பொருளின் உண்மை மதிப்பைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது உங்களுக்கு வர வேண்டிய பணம். குழலில் குண்டு சிக்கவைக்கும் தோட்டாவுக்கு, விவரம் தெரிந்த எவரும் தோட்டாவுக்கான விலை தரமாட்டார். பித்தளை உறைக்கும் குண்டுக்கும் உதிரியாக ஏதோ கிடைக்கலாம்; உள்ளே இருக்கும் மருந்து என்ன ரகம் என்றே தெரியாததால் அது குப்பைதான். ஆக உண்மை மதிப்பு பூஜ்ஜியத்துக்கு அருகில், உங்கள் இழப்பீடு முழு விலைக்கு அருகில். இந்த நேரத்தில் பாதி விலைக்கு ஒருவரிடம் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? 'பார்த்தீர்களா, சந்தையில் பாதி விலை போகிற பொருள்' என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்கள் ரசீதையே எடுத்து நீட்டுவார். நான் அந்தப் பக்கம் நின்றால் அதைத்தான் செய்வேன்.

வாங்குபவருக்கு நேரக்கூடியதையும் யோசியுங்கள். .223 ரகத் தோட்டாவுக்குத் தொழில்துறை வகுத்திருக்கும் அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது சுமார் 32. அந்த 55,000ஐத் தோட்டா உட்காரும் அறைக்குள் கசியாமல் அடைத்து நிறுத்துவது ஒரு மெல்லிய பித்தளை உறை. முன்பே சுடப்பட்டு, நீண்டு, அமுக்கி மறுபடி உருவம் கொடுக்கப்பட்ட உறை அடிப்பக்கத்தில் மெலிந்துபோகும். விளிம்புக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அடுத்து கிழியப்போகிறது என்று அர்த்தம். கிழிந்த அந்த ஓர் உறையை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், நான் சொல்வது புரியும். 'பட்' சத்தம் இன்னும் மோசம். மருந்தே இல்லாமலோ மிகக் குறைவாகவோ நிரப்பப்பட்ட தோட்டாவில் குண்டு பாதி வழியில் நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கக்கூடும். நீங்கள் நின்று பார்த்தீர்கள். உங்களிடம் வாங்குபவரும் நின்று பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நீங்கள் வியாபாரி அல்ல. ஆகவே 'இந்தப் பொருள் வழக்கமான பயன்பாட்டுக்கு ஏற்றது' என்று வியாபாரியின் மீது சட்டம் தானாகவே சுமத்தும் உத்தரவாதம் உங்களுக்குப் பொருந்தாது. அதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டாம். ஆபத்தானது என்று தெரிந்த பொருளை அதைச் சொல்லாமல் கைமாற்றுகிறவர், வியாபாரியாக இல்லாவிட்டாலும், விளையும் காயத்துக்குப் பொறுப்பாவார் என்பது பழைய சட்டக் கொள்கை. உங்களுக்குத் தெரியும், அதை எனக்கே எழுத்தில் அனுப்பியிருக்கிறீர்கள். 'இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்கிறேன்' என்று கையெழுத்து வாங்குவதும் குறையை மறைத்ததைக் காப்பாற்றாது. பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்தவரின் கண்ணில் உலோகத் துணுக்கு பாய்ந்தால், அவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவரும் அல்ல.

இனி நிறுவனத்துக்கு வருவோம். திறந்த பெட்டியைத் திரும்பப் பெறாத கொள்கை, மனம் மாறித் திருப்பித் தருபவர்களுக்கானது. குறையுள்ள பொருளுக்கு அதைக் காட்டித் தப்ப முடியாது. பொறுப்புத் துறப்பு ஏதேனும் பெட்டியில் அச்சாகியிருந்தால் அதன் வாசகமும் எழுத்தின் அளவும் முக்கியம். எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். உடற்காயத்துக்கான பொறுப்பை மட்டும் அவர்கள் கைகழுவ முயன்றால், நுகர்பொருள் விஷயத்தில் அதை அநியாயமான நிபந்தனை என்றே சட்டம் முதல் பார்வையில் கருதும். துப்பாக்கித் தொழிலுக்குப் பெரும் பாதுகாப்பு தந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர்கள் இழுக்கக்கூடும். பயப்படாதீர்கள். உத்தரவாத மீறலும் தயாரிப்புக் குறையால் வரும் சேதமும் அதில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கின்றன.

அரசு தலையிட்டு இந்தப் பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறவைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் அதன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. பொம்மைக்கு இருக்கும் கண்காணிப்பு தோட்டாவுக்கு இல்லை. வேறொரு பிடி இருக்கிறது: தன் சொந்தப் பயன்பாட்டுக்கு எவரும் மறுநிரப்பு செய்துகொள்ளலாம், ஆனால் விற்பனைக்காகச் செய்பவர் தோட்டா உற்பத்தியாளருக்கான மத்திய உரிமம் பெற வேண்டும். ஆறாம் வகை உரிமம் என்பார்கள். உங்கள் பெட்டியிலோ ரசீதிலோ உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால், துப்பாக்கி, வெடிபொருள் உரிமங்களைக் கவனிக்கும் மத்திய ஏ.டி.எஃப். துறையின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இல்லையென்றால் அவர்கள் திறந்த பெட்டியைப் பற்றிப் பேசும் தொனி உடனே மாறும்.

செய்ய வேண்டியது எழுத்தில் ஒரு கடிதம். குறையைக் கண்டறிந்த பின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் எந்தப் பரிகாரமும் கிடைக்காது என்று அதே வணிகச் சட்டத் தொகுப்பின் பிரிவு 2-607 கறாராகச் சொல்கிறது. வழக்குத் தொடர நான்கு ஆண்டுகள் இருக்கலாம். தெரிவிப்பதற்கு அவ்வளவு இல்லை. தொலைபேசியில் பேசியதை நிரூபிக்க முடியாது. பதிவுத் தபாலில், பெட்டியின் மேல்மடிப்பில் இருக்கும் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு, 180இல் ஐந்து கோளாறு என்று தேதியோடு எழுதுங்கள். 820 தோட்டாக்களை ஏற்றதை ரத்து செய்கிறீர்கள், 400 டாலரும் ரைஃபிள் சரிபார்த்த செலவும் வேண்டும், தோட்டாக்களை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து சோதித்து எடுத்துச் செல்லலாம் என்றும் எழுதுங்கள். தோட்டாவை நீங்களாகத் தபாலில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அமெரிக்கத் தபால்துறை அதை ஏற்பதில்லை, அனுப்புவதே விதிமீறல்.

கிழிந்த உறை, வெடிக்காத மூன்று, குழலிலிருந்து எடுத்த குண்டு எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேதியிட்டு வையுங்கள். ரைஃபிளைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, அறையின் அளவு சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். 'உங்கள் துப்பாக்கியில்தான் கோளாறு' என்பதுதான் அவர்களுடைய முதல் பதிலாக இருக்கும். உறைக்கும் குண்டுக்கும் ஆசைப்பட்டு 820ஐயும் இப்போதே பிரித்துவிட வேண்டாம். எதிர்த்தரப்பு சோதிக்கும் வாய்ப்பை அழித்ததாக ஆகிவிடும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் போதும். 400 டாலருக்கு என் போன்றவரை அமர்த்தினால் என் கட்டணமே அதைத் தாண்டிவிடும்.