வெளிநாட்டில் சிறப்புக் குழந்தைகளோடு வேலை: கிளம்பும் முன் எதைப் பழகுவது?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது, ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்துவிட்டு ஒரு வருடமாக மாற்றுத்திறன் குழந்தைகள் பள்ளியில் வேலை பார்க்கிறேன். துபாய்ப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியை வேலைக்கு நேர்காணல் முடிந்திருக்கிறது. இன்னொரு ஏஜெண்ட், இரண்டு லட்சம் கட்டினால் இங்கிலாந்துக்கு ‘கேர் ஒர்க்கர்’ (பராமரிப்புப் பணியாளர்) விசா வாங்கித் தருகிறேன் என்கிறார். எதற்குப் போவது? போகும் முன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: அம்மிணி, முதலில் அந்த இரண்டு லட்சத்தை அவரிடம் கொடுத்துவிடாதீங்க. வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர் எடுப்பதை இங்கிலாந்து 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, அப்புறம் அவர் எந்த விசாவை வாங்கித் தரப்போகிறார்? பதிவு பெற்ற ஏஜெண்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர ஒரு பைசா கேட்கக் கூடாது. அவருக்குப் பதிவு இருக்கிறதா என்று அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

துபாய் வேலை வந்தால் போங்கள். ஆனால் வேலை விசாவில் மட்டும். ‘விசிட்டில் வாங்க, அங்கே மாத்திக்கலாம்’ என்றால் வேண்டாம். பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க நாளாகும், இப்போதே ஆரம்பியுங்கள். சிறப்பு ஆசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் உங்கள் பதிவு காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, பழக வேண்டியது. நான் மஸ்கட்டில் ஒரு பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், மூளை முடக்குவாதம் உள்ள ஒன்பது வயதுப் பையனுக்கு மதியச் சாப்பாடு என் பொறுப்பு. ‘சாமி, ஆ காட்டு’ என்று கொஞ்சிக் கொஞ்சிப் பத்தே நிமிடத்தில் ஊட்டி முடித்துப் பெருமையாக நிமிர்ந்தால், மூத்த உதவியாளர் அம்மாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. மறுநாள் அவரே வந்து உட்கார்ந்தார். ஸ்பூன் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கியிருந்தார். பையனை முதுகு நேராக, முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்க உட்கார வைத்து, அவன் முழங்கைக்கு அடியில் தன் இரண்டு விரலை மட்டும் கொடுத்தார். ஸ்பூன் மூன்று தடவை நழுவியது, அவர் எடுத்துக் கொடுத்தாரே தவிர ஊட்டவில்லை. நாலாவது தடவை பருப்புச் சோறு வாய்க்குப் போனதும் அவன் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. சாப்பிட்டு முடிக்க நாற்பது நிமிடம் ஆனது.

போதும் போதும் என்று விருந்தாளி இலையை மறைத்தாலும் இன்னொரு கரண்டி போடுகிறவர்கள் நாம். அந்தப் பாசத்தோடுதான் நான் போனேன், அந்தப் பாசத்தாலேயே அந்தப் பையனைக் கையைத் தூக்க விடாமல் வைத்திருந்தேன். பாசத்தை விடச் சொல்லவில்லை, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கப் பழகுங்கள் என்கிறேன். கன்னத்தைக் கிள்ளுவதும் அப்படித்தான், பாசம் என்றாலும் சொல்லாமல் தொடுவது. தூக்கும் முன், டயப்பர் மாற்றும் முன், பேசாத குழந்தையிடமும் ‘இப்போ தூக்கப் போறேன்’ என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். குழந்தையின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கவே கூடாது, வேலையே போய்விடும். யாராவது அடித்ததாகக் குழந்தை சொன்னால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காமல், அது சொன்ன வார்த்தையிலேயே அன்றைக்கே எழுதிப் பொறுப்பானவரிடம் கொடுங்கள்.

வலிப்புக்கு நம் பக்கம் இன்னும் சாவிக்கொத்தைத் தேடுகிறார்கள். கையில் இரும்பும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைக் குறியுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

பேச்சிலும் கவனம் தேவை. 2017 முதல் அமீரகத்தில் மாற்றுத்திறனாளிகளை ‘மன உறுதி மிக்கவர்கள்’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். பள்ளியில் பிரிட்டிஷ்காரர்கள் இருந்தால் இன்னொன்று: நாம் டிஸ்லெக்ஸியாவுக்கு (எழுத்து வாசிக்கத் திணறும் குறைபாடு) சொல்லும் ‘லேர்னிங் டிசெபிலிட்டி’ அவர்களுக்கு அறிவுத்திறன் குறைபாடு. இது தெரியாமல் அறிக்கை எழுதினால் ஒரு குழந்தையின் கதையே மாறிவிடும்.

விசா வரும்வரை சும்மா இருக்காதீங்க. நாளைக்கே உங்கள் பள்ளியில் மதிய நேரத்தில், எல்லோரும் அவசரமாக ஊட்டிவிடும் ஒரு குழந்தையிடம் போய் உட்காருங்கள். தண்ணீர் டம்ளரை அதன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, உங்கள் கை இரண்டையும் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.