குழந்தை நலம், கேள்வி–பதில்: இரவில் பல்லைக் கடிப்பதும் பகலில் தலைவலியும்

கடந்த சில வாரங்களில் வந்த கடிதங்களில் குழந்தைகள் உறக்கத்தில் பல்லைக் கடிப்பதைப் பற்றியும், சிறு வயதிலேயே வரும் ஒற்றைத் தலைவலியைப் பற்றியும் பல பெற்றோர் கேட்டிருந்தனர். இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கேட்டவர்களும் உண்டு. ஆகவே இவ்விதழில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதிலளிக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. உறங்கிய சற்று நேரத்திலேயே பல்லை நறநறவெனக் கடிக்கத் தொடங்குகிறாள். பக்கத்து அறை வரை அந்த ஓசை கேட்கிறது. வயிற்றில் பூச்சி இருக்கும் என்று என் மாமியார் சொன்னதால் பூச்சி மருந்து கொடுத்தோம். நிற்கவில்லை. பல் தேய்ந்து போய்விடுமா, டாக்டர்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பல்லைக் கடித்தால் பூச்சி என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் மட்டுமன்றிப் பல நாட்டுப் பாட்டிமார்களும் சொல்லும் காரணம்தான். கீரிப்பூச்சி இருக்கும் குழந்தைக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பெடுத்து உறக்கம் கலையும் என்பதால், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. ஆனால் இதைச் சோதித்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பல்லைக் கடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வயிற்றில் பூச்சி இருப்பதில்லை. குடற்புழு நீக்க மாத்திரையை அதற்கே உரிய காரணத்துக்காகக் கொடுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அதை இலவசமாகவே தருகிறார்கள். 2 வயதுக்கு மேல் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், 1 முதல் 2 வயது வரை அதில் பாதி. அதைக் கொடுத்தும் பல்லைக் கடிப்பது நிற்கவில்லையே என்று மாதந்தோறும் மருந்துக் கடைக்குப் போய் மீண்டும் மீண்டும் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

உறக்கம் முழுவதும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. நாம் அறியாமலேயே இரவில் பலமுறை ஆழம் குறைந்து, சில நொடிகள் விழிப்பின் விளிம்புக்கு வந்து, மீண்டும் உள்ளே போகிறோம். அந்தக் கணங்களில் இதயத் துடிப்பு சற்று விரைவடைகிறது. அதையடுத்துத் தாடைத் தசைகள் தாமாக இறுகி அசைகின்றன. மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் உரசி ஓசை எழுவது அப்போதுதான். மேலும் கீழும் முன்பற்கள் முளைத்த ஒரு வயதுக் குழந்தைகூட இப்படிக் கடிப்பதுண்டு. மற்றபடி நலமாக உள்ளவர்களிடம் காணப்படும் இதை நோய் என்று சொல்லாமல் ஒரு தசைச் செயல்பாடு என்றே இப்போது பல் மருத்துவ வல்லுநர்கள் வகைப்படுத்துகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளிடம் பத்து வயதை ஒட்டி இது குறைந்து, பதின்ம வயதில் மறைந்துவிடுகிறது.

பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் ஓரளவு தேய்வது உண்மைதான். ஆயினும் அந்த இருபது பற்களும் ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கவிருப்பவை. பல் கூச்சம், முனை உடைதல், காலையில் வாயைத் திறக்கும்போது வலி ஆகியவை இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு வயதில் கடைவாயின் கோடியில், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய பல் முளைக்கும். பால் பல் என்று எண்ணிப் பலரும் கவனிக்காமல் விடும் அது நிலைப்பல். தேய்மானம் அதில் தெரிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உறங்கும் குழந்தையைத் தட்டி எழுப்பாதீர்கள். காலையில் அதைச் சொல்லிக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். தான் கடிப்பதே அவளுக்குத் தெரியாது. புதுப் பள்ளி, தம்பி தங்கை பிறப்பு, வீட்டில் சச்சரவு போன்ற காலங்களில் இது கூடுவதுண்டு. வீட்டுக்குள் யாரேனும் புகைபிடித்தால், நிறுத்துவதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

கேள்வி: ஏழு வயதாகும் என் மகன் மாதம் இரண்டு முறையாவது தலைவலி என்று பள்ளியிலிருந்து வீடு திரும்புகிறான். முகம் வெளுத்துப்போய், ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொல்லிப் படுத்துவிடுகிறான். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால், ஒன்றும் நடவாததுபோல் விளையாடப் போகிறான். கண் பரிசோதனையில் குறை இல்லை. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்கிறார் வகுப்பாசிரியர். உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் மைத்துனர். என் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு.
— வாசகர், ஈரோடு

பதில்: முகம் வெளுப்பதை ஏழு வயதுச் சிறுவனால் நடிக்க முடியாது. தாங்கள் எழுதியிருப்பதே குழந்தைப் பருவ ஒற்றைத் தலைவலிக்கு ஏறத்தாழ முழுமையான விவரிப்பு. பெரியவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்கும் இந்த வலி, குழந்தைகளிடம் இரண்டு மணி நேரத்திலேயே அடங்கிவிடலாம். பெயரில் ‘ஒற்றை’ இருந்தாலும் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் நெற்றியின் இருபுறமும்தான் வலிக்கிறது. வெளிச்சம் பிடிக்கவில்லை என்று வாயால் சொல்லத் தெரியாத குழந்தை தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வதை வைத்துத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்வீடனின் உப்சாலா நகரில் குழந்தை மருத்துவர் போ பில்லே ஏறத்தாழ 9,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஏழு வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் சற்றுக் கூடுதலானோருக்கும், பதினைந்து வயதினரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் ஒற்றைத் தலைவலி இருந்ததாக அவர் கண்டார். எனவே ‘இந்த வயதில் வருமா’ என்ற கேள்விக்கு இடமில்லை. தாய்க்கு இருக்கும்போது மகனுக்கு வருவதில் வியப்பும் இல்லை. அவன் கைக்குழந்தையாக இருந்தபோது காரணமின்றி விட்டுவிட்டுத் தலை ஒருபக்கம் சாய்ந்ததா, பேருந்துப் பயணத்தில் வாந்தி எடுப்பானா, காரணம் தெரியாத வயிற்றுவலியோ வாந்தியோ அவ்வப்போது வந்து போனதா என்று தங்கள் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். பிற்காலத்து ஒற்றைத் தலைவலிக்கு இவை முன்னோடிகளாக இருப்பதுண்டு.

மருத்துவர் நரம்பு மண்டலத்தைச் சோதித்து எல்லாம் சீராக இருப்பதாகக் கண்டால், இத்தகைய வலிக்கு ஸ்கேன் தேவையில்லை. சி.டி. ஸ்கேன் கதிர்வீச்சு கொண்டது. குடும்பத்தாரின் மன அமைதிக்காக எடுக்கத்தக்கதன்று. ஆனால் வலி வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போதல், உறக்கத்திலிருந்து வலியால் விழித்தல், காலையில் எழுந்ததும் திரும்பத் திரும்ப வாந்தி, புதிதாகத் தோன்றும் மாறுகண், நடையில் தள்ளாட்டம், வலிப்பு, சுபாவத்தில் மாற்றம், பிடரியில் மட்டும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இவற்றில் கழுத்து விறைப்பும் வலிப்பும் அன்றைக்கே மருத்துவமனைக்கு விரைய வேண்டியவை. நான்கு வயதுக்கும் குறைந்த குழந்தை தலைவலி என்று சொன்னால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மருந்தைப் பொறுத்தவரை பெற்றோர் செய்யும் பிழைகள் இரண்டு: தாமதமாகக் கொடுப்பது, குறைவாகக் கொடுப்பது. பாராசிட்டமால் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், இபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 20 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு 300 மில்லிகிராம் பாராசிட்டமால் வேண்டும். கடைகளில் கிடைக்கும் சிரப்புகளில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் ‘ஒரு மூடி’ கொடுத்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று சொல்பவர்களே அதிகம். சரியான அளவைத் தங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, வலி தொடங்கிய அரைமணி நேரத்துக்குள் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவரைக் காணுங்கள். மருந்தே தலைவலிக்குக் காரணமாகும் நிலை குழந்தைகளுக்கும் உண்டு. காய்ச்சலோடு தலைவலி இருந்தால் இபுபுரூஃபன் வேண்டாம்; டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

தடுப்பு மாத்திரைகளில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அமெரிக்காவில் 8 முதல் 17 வயது வரையுள்ளோரிடம் நடந்து 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் ஆகிய இரு மருந்துகளும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பயன் தரவில்லை. வெற்று மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு வலி நாட்கள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. முதலில் அன்றாட ஒழுங்கைப் பாருங்கள். பள்ளி வேன் ஏழு மணிக்கே வந்துவிடுகிறது என்று ஒரு டம்ளர் பாலோடு அனுப்புகிறோம். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காத குழந்தைகள் ஏராளம். மாலையில் புட்டியைத் திறந்து பாருங்கள், காலையில் நிரப்பிய தண்ணீர் அப்படியே இருக்கும். இவ்வயதுக் குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும்; இரவு பத்தரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் அது கிட்டாது. இந்த மூன்றையும் சரிசெய்து, வலி வந்த நாள், நேரம், அன்றைய உணவு ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து வந்தால், இரண்டு மாதத்தில் ஒரு வடிவம் தெரியும். அந்தத் தாளை ஆசிரியரிடமும் காட்டலாம்.

கேள்வி: என் பேரனுக்கு ஆறு வயது. இரவில் பல்லைக் கடிக்கிறான், காலையில் எழும்போதே தலை வலிக்கிறது என்கிறான். பல்லைக் கடிப்பதால்தான் ஒற்றைத் தலைவலி வருகிறதா? வாயைத் திறந்துகொண்டு குறட்டையும் விடுகிறான்.
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மா, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் குறட்டைதான் இந்தக் கடிதத்திலேயே முதன்மையானது.

ஒற்றைத் தலைவலி உள்ள குழந்தைகளிடம் பல்லைக் கடிப்பது உள்ளிட்ட உறக்கக் குறைபாடுகள் கூடுதலாகக் காணப்படுவது உண்மையே. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. தாடைத் தசைகளுக்கும் தலையின் வலியுணர்வுக்கும் பொதுவான நரம்பு ஒன்று இருப்பதும், கலைந்த உறக்கம் இரண்டையும் தூண்டுவதும் அவை சேர்ந்து காணப்படக் காரணமாகலாம். ஒற்றைத் தலைவலி விட்டுவிட்டு வரும்; இடைப்பட்ட நாட்களில் குழந்தை முழு நலத்துடன் இருக்கும். இரவெல்லாம் தாடையை இறுக்கியதால் வரும் வலி வேறு விதமானது. அது பெரும்பாலான காலைகளில் இரு நெற்றிப்பொட்டுகளிலும் மந்தமாக இருந்து, குளித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் கரைந்துவிடும். காதுக்கு முன்னே விரலை வைத்துப் பல்லை இறுக்கச் சொன்னால் புடைக்கும் அந்தத் தசையை அழுத்தினால் வலிக்கும்.

காலைத் தலைவலிக்கு இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் டான்சிலும் இந்த வயதில் பருத்திருப்பது இயல்பு. அளவுக்கு மீறிப் பருத்தால் உறக்கத்தில் மூச்சுவழி அடைபட்டு, கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி, காலையில் தலை கனக்கும். மூச்சு தடைபடும் ஒவ்வொரு முறையும் மூளை உறக்கத்தை ஒரு நொடி கலைக்கிறது. அத்தகைய கலைவுகளில்தான் பல்லும் உரசுகிறது. சளிப் பிடிக்காத நாட்களிலும் குறட்டை விடுகிறானா, குறட்டை நடுவே சில நொடிகள் நின்று பிறகு திணறலோடு மூச்சு வருகிறதா, தலையைப் பின்னுக்குச் சாய்த்து வியர்க்க வியர்க்கப் படுத்திருக்கிறானா, விட்டுப்போன படுக்கையை நனைக்கும் பழக்கம் மீண்டும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்துக் காது–மூக்கு–தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லி விளக்குவதைக் காட்டிலும் அந்தப் படம் அவருக்கு உதவும். அடைப்பு நீங்கிய பின் பல்லைக் கடிப்பது குறைந்த குழந்தைகள் உண்டு. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று உறுதி தர இயலாது.

காலைத் தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் பல்லின் மேல் பழிபோட்டுக் காத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் மீண்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கேள்வி: எட்டு வயது மகளுக்காகப் பற்களில் மாட்டும் பிளாஸ்டிக் உறையை இணையத்தில் வாங்கியிருக்கிறோம். போடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டாம். பால் பற்கள் ஆடி விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் வயது அது, தாடையும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இறுக்கமான உறை அந்த வளர்ச்சிக்கு இடையூறாகலாம். குறட்டை உள்ள குழந்தையாக இருந்தால் மூச்சுத் தடையைக் கூட்டவும் வாய்ப்புண்டு. நிலைப்பற்கள் வெகுவாகத் தேயும் அரிய நிலைகளில் குழந்தைகளுக்கான பல் மருத்துவரே அளவெடுத்துச் செய்து, அடிக்கடி மாற்றிக் கொடுப்பார். மகள் கவனச்சிதறலுக்கோ மனப் பதற்றத்துக்கோ மருந்து உட்கொள்பவளாக இருந்தால் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். அவற்றுள் சில பல்லைக் கடிப்பதைத் தூண்டக்கூடியவை.

கேள்வி: ஒற்றைத் தலைவலிக்கு நான் வழக்கமாகப் போடும் மாத்திரையில் கால் பகுதியை ஆறு வயது மகளுக்குக் கொடுத்தேன். கேட்டது. தொடரலாமா?
— வாசகி, வேலூர்

பதில்: தொடராதீர்கள். பெரியவர்களுக்கென்று நம் கடைகளில் விற்கும் இத்தகைய கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் பாராசிட்டமாலுடன் எர்கோட்டமின், காஃபின், புரோகுளோர்பெரசின் ஆகியவை கலந்திருக்கின்றன. எர்கோட்டமின் இரத்த நாளங்களைச் சுருக்குவது. புரோகுளோர்பெரசின் சிறு அளவிலேயே சில குழந்தைகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளவும் கண்கள் மேலே செருகவும் தாடை இறுகவும் செய்துவிடும். அதை வலிப்பு என்று எண்ணிப் பதறி ஓடிவரும் குடும்பங்கள் உண்டு. ஆஸ்பிரின் கலந்த மாத்திரையும் கூடாது. அம்மை அல்லது ஃப்ளூ காய்ச்சலின்போது கொடுத்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும். தாங்கள் உட்கொள்ளும் மாத்திரை அட்டையை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டி, மகளின் எடைக்கேற்ற தனி மருந்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.