உணவுப் பையில் ‘சிக்கன்’, ‘சிக்கன் மீல்’, ‘மீட் அண்ட் போன் மீல்’: நாய், பூனை வளர்ப்போருக்குப் பதில்கள்

கோழித் தீவன ஆலை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், சேலம் வட்டாரத்து நண்பர்கள் இந்தக் கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள்.

சூரமங்கலம்: ஐயா, ஒரு பையில் முதல் பொருள் ‘சிக்கன்’, இன்னொன்றில் மக்காச்சோளத்துக்குப் பிறகு ‘சிக்கன் மீல்’. மீல் என்றால் கழிவு என்கிறார் கடைக்காரர்.

கழிவு அன்று. அமெரிக்காவில் தீவனங்களுக்கு மாதிரி விதிகள் வகுக்கும் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் விளக்கப்படி, சிக்கன் மீலில் கோழியின் சதையும் தோலும் இருக்கும், எலும்பும் சேரலாம். இறகு, தலை, கால், குடல் சேரக்கூடாது. அதை அரைத்து, வேகவைத்து, கொழுப்பைப் பிழிந்தெடுத்து, ஈரம் வற்றியதும் பொடியாக்குகிறார்கள்.

பையில் பொருள்களை எடை குறையும் வரிசையில் அச்சிடுகிறார்கள். அந்த எடை சமைப்பதற்கு முன் உள்ள எடை. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பச்சைக் கோழியில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர், புரதம் 18 சதவீதம் அளவு. மீலில் புரதம் 65 சதவீதம் அளவு. 100 கிலோ கலவையில் 20 கிலோ பச்சைக் கோழி சேர்த்தால் கிடைக்கும் புரதம் 3.6 கிலோ. 15 கிலோ மீல் சேர்த்தாலே 10 கிலோவை நெருங்கிவிடும். முதலிடத்தைப் பிடித்த ‘சிக்கன்’, தண்ணீர் போனபின் நான்காம், ஐந்தாம் இடத்துக்கு இறங்கிவிடலாம்.

அம்மாப்பேட்டை: ‘பை-ப்ராடக்ட் மீல்’, ‘மீட் அண்ட் போன் மீல்’ இரண்டும் ஒன்றா?

இல்லை. கோழி பை-ப்ராடக்ட் மீலில் கழுத்து, கால், குடல் போன்றவை வரும். ஈரலும் குடலும் நம் வீட்டுச் சட்டியிலும் வேகின்றனவே, உறுப்புகளைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். நான் எதிர்ப்பது பெயரில்லாத பொருளை. மீட் அண்ட் போன் மீல் என்றால் பாலூட்டி விலங்கு என்பது மட்டுமே தெரியும். மாடா, பன்றியா, ஆடா? இன்று வாங்கிய பைக்கும் அடுத்த மாதப் பைக்கும் மாறலாம். நாய் ஓயாமல் சொறிந்துகொண்டு, மருத்துவர் மாட்டிறைச்சி ஒவ்வாமையைச் சந்தேகித்தால், இப்படிப்பட்ட பையை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எலும்பு கூடக்கூடச் சாம்பல் சத்தும் (தாதுப்பொருள்கள்), அதில் அடங்கிய கால்சியமும் ஏறும். லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிகுந்தால் அது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். அவற்றுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில் 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கூடாது என்பது ஆஃப்கோ வரம்பு.

ஆத்தூர்: அண்ணா, கோழித் தீவனத்துக்கு விற்கும் இறைச்சி எலும்புத் தூள் மலிவாகக் கிடைக்கிறது. சோற்றில் கலந்து போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அது தீவனக் கலவையில் அளந்து சேர்ப்பதற்கான மூலப்பொருள். சரியாக வேகாத, ஈரம்பட்ட தூளில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம், அதை அள்ளும் உங்கள் கைக்கும் வரலாம். கரண்டி கரண்டியாகப் போட்டால் கால்சியமும் எகிறிவிடும். செலவைக் குறைக்க வேண்டுமானால் சோற்றோடு வேகவைத்த கோழி, ஈரல் கொஞ்சம், முட்டை கொடுங்கள். கூடவே கால்சியம் எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி: ‘சிக்கன் ஃபிளேவர்’ என்றால் எவ்வளவு சிக்கன்?

ருசி தெரிந்தால் போதும், அளவு எதுவும் கட்டாயமில்லை. ‘வித் சிக்கன்’ என்றால் 3 சதவீதம், ‘சிக்கன் டின்னர்’ என்றால் 25 சதவீதம் இருக்க வேண்டும். இவை அமெரிக்க விதிகள்.

ஏற்காடு: பூனைக்கு வாங்கும் டின்னில் புரதம் 9 சதவீதம்தான். உலர் உணவில் 30. டின் மட்டமா?

ஈரத்தைக் கழித்துப் பாருங்கள். டின்னில் ஈரம் 80 சதவீதம் என்றால் மீதி 20. அதில் 9 என்பது 45 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10, மீதி 90. அதில் 30 என்பது 33 சதவீதம். டின்தான் உசத்தி. ஆனால் அந்தப் புரதம் இறைச்சியிலிருந்து வந்ததா, கோதுமைப் புரதமா என்பதைப் பொருள் பட்டியலில் பாருங்கள். பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும்.

உங்கள் மலையில் பனிமூட்டக் காலத்தில் உலர் உணவு சீக்கிரம் நமுத்துப்போகும். மீலில் மிஞ்சியிருக்கும் கொழுப்பு சிக்கடிக்கும், தானியத்தில் பூஞ்சை பிடிக்கும். சிறிய பையாக வாங்கி, வாயை இறுக்கிக் கட்டி மூடிய டப்பாவில் வையுங்கள். பழைய எண்ணெய் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.